ரவ்னா அண்ணி பட்டையைத் தளர்த்திய நாள்

எங்கள் ஊரில் ஒருவரைப் பார்த்து, உங்களிடம் எத்தனை கலைமான் இருக்கிறது என்று கேட்டுவிடக் கூடாது. வங்கிக் கணக்கைக் காட்டு என்று கேட்பதற்குச் சமம் அது. அதனால் என் அண்ணி ரவ்னாவுக்கு எத்தனை மான் என்று நானும் சொல்லப்போவதில்லை. அவள் தலைநிமிர்ந்து நடக்கப் போதுமான அளவு இருந்தன. அத்தனையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கைமாறிப் போக இருந்தன, அதுவும் அவளுடைய கால்விரல்களால். நான் அவளுடைய நாத்தனார் மாரித். நாத்தனார் அண்ணியைப் புகழ்வதாவது என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். நான் புகழத்தான் போகிறேன்.

அண்ணி கடலோரத்துப் பெண். என் பெரிய அண்ணன் நீலாஸ் ஒரு கோடையில் மந்தையை மேய்ச்சலுக்குக் கடலோரம் ஓட்டிப் போனவன், இலையுதிர் காலத்தில் மான்களோடு சேர்த்து ஒரு பெண்ணையும் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான் என்று எங்கள் ஊர் காரஸ்யோக் முழுக்கச் சிரித்தது. அவள் அப்பா படகுக்காரர். அவளுக்கு மீனை எப்படிக் கீறுவது, எப்படி உப்பிட்டுக் காயவைப்பது என்று தெரியும். மானின் காதில் வெட்டியிருக்கும் அடையாளத்தைப் பார்த்து இது யாருடையது என்று சொல்லத் தெரியாது. என் அம்மா அவளை வாசலில் வைத்தே மேலும் கீழும் பார்த்தாள்.

"செதில் உரிச்ச கை. இந்தக் கைக்குப் பட்டை கட்ட வருமா?" என்றாள் அம்மா.

பட்டை என்றால் கணுக்கால் பட்டை. குளிர்காலத்தில் நாங்கள் போடுவது மான்தோலில் ரோமம் வெளியே தெரியத் தைத்த காலணி. உள்ளே காலுறை கிடையாது. சதுப்பில் அறுத்து, அடித்து, மெத்தென்று ஆக்கிய புல்லைத் திணித்து அதற்குள் காலை விடுவோம். காலணியின் வாய் வழியாகப் பனி உள்ளே போகாமல் இருக்க, கால்சட்டையையும் காலணியையும் சேர்த்து, நெய்த பட்டையால் சுற்றிக் கட்டுவோம். வேலை அவ்வளவுதான். ஆனால் பெண்கள் விஷயத்தில் எந்த வேலை அவ்வளவோடு நின்றிருக்கிறது? சிவப்பும் மஞ்சளுமாகக் கோலம் போட்ட பட்டை அது. சுற்றுக்குச் சுற்று கோடு கோட்டோடு சேர வேண்டும், நடுவில் மயிரிழை இடைவெளி இருக்கக் கூடாது. ஒரு பெண்ணின் பட்டையைப் பார்த்தே அவள் வீட்டுச் சமையல், படுக்கை, பிள்ளை வளர்ப்பு எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள் எங்கள் ஊர்ப் பெண்கள். பெரும்பாலும் தப்பாகத்தான் சொல்வார்கள், ஆனாலும் சொல்வார்கள்.

அண்ணி அந்த ஒரு குளிர்காலத்திலேயே கற்றுக்கொண்டாள். அம்மா சொன்ன ஒரு சொல்லுக்காக ராப்பகலாகக் கட்டி அவிழ்த்துக் கட்டி அவிழ்த்துப் பழகினாள். அடுத்த ஈஸ்டருக்குத் தேவாலயத்துக்கு வந்தபோது அவள் கணுக்காலை என் அம்மாவே இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். அதன் ரகசியம் ஒன்றுதான், இழுப்பது. பட்டையின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, முழங்காலை மார்போடு சேர்த்து, முகம் சிவக்க இழுப்பாள். என்னுடைய பட்டை எப்போதும் தொளதொளவென்று கிடக்கும். அதற்காக நான் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமில்லை. "அந்தக் கடல்காரியைப் பார்த்துக் கத்துக்கடி" என்பாள். என் கால் ஒரு நாளும் உறைந்ததில்லை. அண்ணிக்கு இரண்டாவது குளிர்காலத்திலேயே இடது காலில் இரண்டு விரல் போய்விட்டது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எல்லாரும் ஒரே குரலில் சொன்னது வேறு: கடல் ரத்தம் மெல்லிய ரத்தம், படகில் உட்காரத்தான் லாயக்கு.

டாக்டர் இன்னொரு முறை அந்தக் கால் உறைந்தால் பாதிப் பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். அதற்காக அண்ணி சும்மா இருந்துவிடவில்லை. ஒவ்வொரு கடுங்குளிரிலும் பனியில் வழுக்கிப் போகும் சறுக்குக்கட்டையை மாட்டிக்கொண்டு மந்தைக்குக் கிளம்புவாள். புல்லுக்கு மேல் கம்பளி உறை போட்டுப் பார்த்தாள். இரண்டு உறை போட்டுப் பார்த்தாள். செய்தித்தாளைச் சுற்றினாள். யாரோ சொன்னார்கள் என்று மிளகுத்தூளைத் தூவிக்கொண்டு போனாள். அன்றைக்குக் கால் சூடாகவில்லை, வீட்டில் எல்லாருக்கும் தும்மல்தான் வந்தது. ஒவ்வொரு முறையும் மந்தைக்குப் போகும் வழியில் இருக்கும் ஏரிக்கரைக் குடிசை வரைக்கும் போவாள், கால் மரத்துப்போகும், திரும்பிவிடுவாள். அந்தக் குடிசைக்கே "ரவ்னா எல்லை" என்று பேர் வைத்துவிட்டார்கள். நீலாஸ் அண்ணன் நல்லவன். ஒன்றும் சொல்லாமல் அவள் முறையையும் சேர்த்துத் தானே காவலுக்குப் போய்வந்தான்.

போன இலையுதிர் காலத்தில் அண்ணன் இறந்துபோனான். மான்களைப் பிரிக்கும் பட்டியில் கயிற்றுச் சுருக்கை வீசப் போன கை பாதியில் நின்றது, அப்படியே சாய்ந்துவிட்டான். இதயம். அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனம் இல்லை.

எங்கள் மேய்ச்சல் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. குளிர்காலத்தில் மந்தைக் காவல் முறைவைத்து வரும். முறை வந்தும் போக முடியாதவரின் மான்களை இன்னொருவர் பொறுப்பில் விட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு எதை அறுப்பது, எதை விற்பது, எங்கே மேய்ப்பது என்பதெல்லாம் அந்த ஆள் வைத்ததுதான் சட்டம். சொந்தக்காரருக்கு இறைச்சி வீடு தேடி வரும். அந்த மான்களைப் பற்றிப் பேச வாய் மட்டும் இருக்காது. என் சின்ன அண்ணன் ஹெய்கா ஜனவரியில் இதைத்தான் பேச வந்தான். ஹெய்கா கெட்டவன் இல்லை. அடுத்தவருக்கு எது நல்லது என்று அவனுக்குத்தான் தெரியும் என்று நினைப்பான், அவ்வளவுதான் வியாதி.

"அண்ணி, நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று ஆரம்பித்தான், அவள் ஊற்றிய காப்பியில் எங்கள் ஊர் வழக்கப்படி பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டுக்கொண்டே. "வீட்ல கதகதப்பா இருங்க. பட்டை நெய்யுங்க. மானுங்களை நான் பார்த்துக்கறேன். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல சொல்லி முடிச்சிடலாம்."

"யார் முடிக்கறது?"

"நான்தான்... நாமதான்."

"காப்பி ஆறுது, குடி" என்றாள் அண்ணி.

அவன் போன பிறகு பாத்திரத்தைக் கழுவுகிறேன் என்று அவள் அடுப்படியில் நின்று அழுததை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். அந்த மந்தை அவளுக்கு வெறும் மந்தை இல்லை. மீன்காரி என்று இளப்பமாகப் பார்த்த ஊரில் அவள் காலூன்றி நிற்க இருந்த ஒரே தரை அது.

வெள்ளிக்கிழமை காலை குளிர் பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரியைத் தாண்டி இறங்கியிருந்தது. கதவைத் திறந்தால் வீட்டுச் சூடு வெள்ளைப் புகையாக வாசலில் உருளும் குளிர். அப்போது பார்த்து அண்ணிக்கு யோவ்னாவிடமிருந்து போன். யோவ்னா பக்கத்து மேய்ச்சல் குழுக்காரர்; அவருடைய மந்தை முகட்டுக்கு அந்தப் பக்கம், எங்களுடையது இந்தப் பக்கம்.

"நடு வேலியில எங்கேயோ ஓட்டை விழுந்திருக்கு. உங்க மந்தை முகட்டுப் பக்கம் ஏறிக்கிட்டு இருக்கு" என்றார். "இருட்டறதுக்குள்ள திருப்பலேன்னா என் மந்தையோட கலந்துடும். அப்புறம் வசந்தம் வரைக்கும் நீயும் நானும் காதைப் பார்த்துப் பார்த்துப் பிரிச்சுக்கிட்டே கிடக்கணும். சினை மானுங்க அதைத் தாங்காது, சொல்லிட்டேன்."

அன்றைக்குக் காவல் முறை அண்ணியுடையது. ஆனால் போன் வந்த விஷயம் தெரிந்ததும் ஹெய்கா பனி ஸ்கூட்டரோடு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டான். காலில் நகரத்தில் வாங்கிய புது பூட்ஸ், அதற்குள் பேட்டரியில் சூடாகும் அட்டை. ஒரு பொத்தானை அழுத்தி, பச்சை விளக்கு எரிவதை எங்களுக்குக் காட்டினான்.

"நான் போயிட்டு வந்துடறேன். நீங்க உள்ள இருங்க அண்ணி."

"முறை என்னோடது" என்றாள் அண்ணி. "அந்த வண்டிச் சத்தத்தைக் கேட்டா மந்தை இன்னும் வேகமா முகட்டைத் தாண்டி ஓடும். சறுக்குக்கட்டையிலதான் போகணும். நான் போறேன்."

"நீங்க ஏரிக்கரைக் குடிசையைத் தாண்டினதே இல்லையே அண்ணி!"

"இன்னைக்குத் தாண்டறேன்."

"தாண்டலேன்னா?"

அண்ணி ஒரு நொடி யோசித்தாள். "தாண்டாம திரும்பி வந்தா, ஞாயித்துக்கிழமை நானே எழுந்து நின்னு சொல்றேன், என் மானெல்லாம் உன் பொறுப்புன்னு. ஆனா நான் மந்தையைத் திருப்பிட்டா?"

"திருப்பிட்டா, உங்க மான் விஷயத்துல ஆயுசுக்கும் நான் வாயைத் திறக்கமாட்டேன்."

"உன் வாய் அவ்வளவு நாள் மூடியிருக்காது தம்பி. கூட்டத்துல எழுந்து நின்னு நீ சொன்னா போதும்."

ஹெய்கா சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினான். வேலி ஓட்டையையாவது நான் போய் அடைக்கிறேன் என்று ஒரு சாக்கு. எனக்குப் பயம். டாக்டர் சொன்ன பாதிப் பாதம் கண்முன் வந்துகொண்டே இருந்தது. "நானும் வர்றேன் அண்ணி" என்றேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதிலிருந்தே அவளுக்கும் பயம் என்று புரிந்தது.

புல்லைக் கையில் வளையமாகச் சுற்றி, காலணிக்குள் குதிகாலுக்கும் விரலுக்கும் பார்த்துப் பார்த்துத் திணித்தாள். பிறகு பட்டையை எடுத்தாள். நான் கட்டி முடித்து, கையுறை போட்டு, சறுக்குக்கட்டையை எடுத்து வைத்து, மந்தை மடக்கும் நாயையும் அவிழ்த்தாயிற்று. அவள் இன்னும் இரண்டாவது காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். முனை பல்லில், முகம் சிவப்பு.

"அண்ணி! மானுங்க என்ன உங்க பட்டையையா பார்க்கப் போகுது?"

"வழியில யோவ்னா பொண்டாட்டி ஜன்னல் இருக்கு" என்றாள், பல்லைத் திறக்காமலே.

அது உண்மைதான். அந்த அம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஊரில் ஒரு கோழி கூட அவளுக்குத் தெரியாமல் தெருவைக் கடக்க முடியாது. நாங்கள் கடந்தபோது திரை லேசாக ஆடியது. அண்ணி முதுகை நிமிர்த்திக்கொண்டு போனாள்.

ஊர் தாண்டி ஆற்றோடு ஏறினோம். மூச்சு வெளியே வந்ததும் தலைமுண்டில் பனியாக ஒட்டிக்கொண்டது. இமை இமையோடு ஒட்ட, கையுறையைக் கழற்றி விரலால் பிரித்துவிட்டுக்கொண்டோம். அந்தக் குளிரில் பனி வழுக்காது. மணலில் கட்டை இழுப்பது போலத்தான் இருக்கும். ஒவ்வொரு எட்டும் உழைப்பு. அண்ணி முதலில் பேசிக்கொண்டே வந்தாள். குடிசை கண்ணில் படும்போது பேச்சு நின்றுபோயிற்று. எனக்கு அவளைத் தெரியும். அண்ணி பேச்சை நிறுத்தினால் கால் மரக்கிறது என்று அர்த்தம்.

"உள்ள போய்க் கொஞ்சம் காயலாமா?" என்றேன்.

"உள்ள போனா வெளிய வரமாட்டேன். நட."

குடிசையைத் தாண்டினோம். என் அண்ணி ரவ்னா எல்லையைத் தாண்டினாள்! கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். உதடு வெளுத்திருந்தது.

ஏரியின் அக்கரையில் புகை தெரிந்தது. கிட்டே போனால் ஹெய்கா. ஸ்கூட்டர் மூடியைத் திறந்துபோட்டு, காய்ந்த பிர்ச் சுள்ளிகளைக் கொளுத்தி, அதன் முன்னால் ஒரு கால் மாற்றி ஒரு காலாகக் குதித்துக்கொண்டிருந்தான்.

"வண்டி பெல்ட் அறுந்துடுச்சு" என்றான்.

"மாத்து பெல்ட் இல்லையா?"

"அதுவும் அறுந்துடுச்சு. குளிர்ல வெறும் குச்சி மாதிரி ஒடியுது."

"காலுக்குள்ள அடுப்பு வெச்சிருந்தியே?" என்று நான் கேட்டேன். கேட்காமல் எப்படி இருப்பது?

"பேட்டரி செத்துப்போச்சு. சிரிக்காதடி மாரித். அண்ணி, நீங்க திரும்பிடுங்க. உங்க முகமே சரியில்ல. விளையாட்டுக்குச் சொல்லல."

அண்ணி நின்றாள். முகட்டைப் பார்த்தாள். சரிவின் மேலே மந்தை சாம்பல் நிறக் கயிறு போல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. சூரியன் தொடுவானத்துக்கு மேலே மூக்கை மட்டும் நீட்டியிருந்தது; அதுவும் அதிக நேரம் நீட்டாது. "நெருப்பை அணைய விடாதே, நாங்க வர்றோம்" என்று ஹெய்காவிடம் சொல்லிவிட்டு அவள் நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். உள்ளுக்குள் எனக்கும் அவளைத் திருப்பிக் கூட்டிப் போகத்தான் ஆசை.

சரிவில் பாதி ஏறியிருப்போம், என் சறுக்குக்கட்டையின் தோல்வார் படீரென்று அறுந்தது. அந்த வாருக்குள் காலணியின் வளைந்த மூக்கை நுழைத்துத்தான் நாங்கள் போவது. வார் இல்லாவிட்டால் கட்டை வெறும் பலகை. பனியோ தொடைவரை. கட்டை இல்லாமல் நான் ஓர் அடி வைக்க முடியாது. என்னை அந்தக் குளிரில் விட்டுவிட்டு அவளும் போக முடியாது. நாய் கழுத்தில் கட்டக்கூட ஒரு கயிறு இல்லை எங்களிடம். என் பட்டையை அவிழ்த்தேன். தொளதொளவென்று கட்டிக் கட்டி நைந்துபோனது; இழுத்ததும் பிய்ந்து கையோடு வந்தது, மற்றதும் அதே லட்சணம்தான்; கிழிந்த துண்டையே மறுபடி என் காலில் சுற்றிக்கொண்டேன்.

அண்ணி தன் கணுக்காலைப் பார்த்தாள். அவள் கையால் நெய்த பட்டை. "இடது காலுது எடுத்துக்க" என்றாள். "அது எப்படியும் பாதி செத்த காலு. வலதையாவது காப்பாத்திக்கறேன்."

இடது பட்டையை அவிழ்த்துக் கொடுத்தாள். நான் அதைக் கட்டையில் கோத்துக் கட்டினேன். அவள் என்னுடைய அறுந்த தோல்வாரை இடது காலணியின் வாயில் ஒரே ஒரு சுற்று சுற்றி, கையால் முடிந்த அளவுக்கு முடிச்சுப் போட்டாள். புல் ஓரத்தில் பிதுங்கிக்கொண்டு நின்றது. பார்க்கச் சகிக்கவில்லை. மறுபடி ஏறினோம்.

கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். அண்ணி சட்டென்று நின்றாள். ஊன்றுகோலைப் பனியில் குத்தினாள்.

"மாரித்!"

"என்ன அண்ணி? கால் போச்சா?"

"சுடுது."

"எது?"

"இடது காலு. பாதி செத்த காலு சுடுதுடி! விரலெல்லாம் குறுகுறுங்குது. இல்லாத விரலு கூட!" பிறகு வலது காலை ஊன்றுகோலால் தட்டினாள். "இது கட்டை. நல்ல காலு கட்டையா கிடக்கு."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் பனியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வலது பட்டையைப் பிய்க்காத குறையாக அவிழ்த்தாள். காலணியைக் கழற்றினாள். கணுக்காலைச் சுற்றிப் பட்டையின் கோலம் அப்படியே பதிந்திருந்தது, கோடு கோடாக, சதைக்குள் ஆழமாக. அதற்குக் கீழே பாதம் மெழுகு நிறம். உள்ளே இருந்த புல் இறுகிப்போய்ப் பலகை மாதிரி இருந்தது. நான் கோட்டைத் திறந்து, சட்டையைத் தூக்கி, அந்தப் பாதத்தை என் வெறும் வயிற்றில் வைத்துக்கொண்டேன். உறைந்த காலுக்கு எங்கள் ஊரில் அதுதான் முதல் மருந்து.

"ஐயோ, அம்மா! செத்த மீனை வயித்துல வெச்ச மாதிரி இருக்கு!" என்று அலறினேன்.

"மீன்காரி காலு வேற எப்படி இருக்கும்?" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நடுவில் அழுகையாக மாறியது. உணர்வு திரும்பும்போது நெருப்பாக எரியும், அந்த வலி ஒரு பக்கம். "யாரும் என் காலை உறைய வைக்கலடி. குளிரு கூட இல்ல. இத்தனை வருஷமா நானே இழுத்து இழுத்து நெரிச்சிருக்கேன். ரத்தம் மெல்லிசுன்னு சொன்னாங்களே, அது கீழ போக வழி விட்டாத்தானே! ரெண்டு விரலைக் கொடுத்திருக்கேன், ஒரு பட்டை அழகுக்கு!"

அழுதது கொஞ்ச நேரம்தான். பிறகு அவளுக்கு வந்தது கோபம். அந்தக் கோபத்தைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். இரண்டு காலணியிலிருந்தும் புல்லை உருவி உதறினாள், பனித்துகள் கொட்டியது. விரலால் கோதிக் கோதிப் பஞ்சு போலாக்கி, தளர்வாக உள்ளே வைத்தாள். வலது பட்டையைக் கத்தியால் இரண்டாக வெட்டினாள். என் அம்மா உயிரோடு இருந்திருந்தால் அந்த இடத்திலேயே மயங்கி விழுந்திருப்பாள். கால் ஒன்றுக்குப் பாதி, இரண்டே சுற்று, ஒரு விரல் தாராளமாக உள்ளே போகும்படி. புல் நாலு பக்கமும் பிதுங்க, முனைகள் தொங்க, வைக்கோல் வண்டி சாய்ந்த மாதிரி இருந்தது அவள் கால்.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"அசிங்கமா இருக்கு அண்ணி."

"இருக்கட்டும். வா."

அப்புறம் அவள் போனாளே! என்னால் தொடர முடியவில்லை. நான் நேராக ஏறி மந்தையின் பின்னால் போக, அவள் பெரிய வட்டமாகச் சுற்றி, மான்களைக் கலைக்காமல், முகட்டுக்கு அந்தப் பக்கம் போய் முன்னால் வர வேண்டும். இத்தனை காலம் குடிசையைத் தாண்டாதவள், முகட்டின் விளிம்பில் சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு பாய்ந்து போவதைக் கீழே இருந்து பார்த்தேன். நீலாஸ் அண்ணன் இதைப் பார்க்காமல் போய்விட்டானே என்று நினைத்தேன்.

மந்தையின் முன்னால் எப்போதும் ஒருவன் நடப்பான். காயடித்த பெரிய மான், கழுத்தில் மணி, பெயர் வெள்ளைமூக்கன். அவன் திரும்பினால் எல்லாம் திரும்பும். திரும்பாவிட்டால் ஊரே வந்து நின்றாலும் ஒன்றும் நடக்காது. அண்ணி அவனுக்கு முன்னால் போய், கோட்டுப் பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினாள். உப்பிட்டுக் காயவைத்த மீன்தோல். குட்டியிலிருந்தே அவனுக்கு ரகசியமாக அதைத் தின்னக் கொடுத்துப் பழக்கியிருக்கிறாள், எங்களுக்கே தெரியாமல். மீன் நாற்றம் என்று யாராவது சொல்வார்களே என்று மறைத்து மறைத்து.

"வெள்ளைமூக்கா! எங்கடா போற? அந்த யோவ்னா என்னத்தைத் தரப்போறான் உனக்கு? வாடா என் கண்ணு, வீட்டுக்குப் போலாம்!"

வெள்ளைமூக்கன் நின்றான். மூக்கை உயர்த்தினான். உப்பு வாசனை எட்டியதும் தலையைத் தாழ்த்திக்கொண்டு அவளை நோக்கி நடந்தான். அவள் திரும்பி இறங்கத் தொடங்கினாள், அவன் பின்னால், மணி குலுங்கக் குலுங்க. நான் நாயோடு ஓரத்தைக் காத்தேன். மொத்த மந்தையும் ஒரு பெருமூச்சு போல முகட்டிலிருந்து திரும்பி, அவள் போட்ட தடத்தில் இறங்கியது. முகட்டின் உச்சியில் யோவ்னா தன் சறுக்குக்கட்டையில் நின்றபடி தொப்பியைக் கழற்றி ஆட்டியது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

ஏரிக்கரையில் ஹெய்காவின் நெருப்பு புகையாகிவிட்டிருந்தது. அவன் முதலில் மணிச்சத்தத்தைக் கேட்டான், பிறகு அண்ணியைப் பார்த்தான், பிறகு அவள் பின்னால் வந்ததைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"உக்காரு" என்றாள் அண்ணி. "பூட்ஸைக் கழட்டு."

"எதுக்கு?"

"எதுக்கா? விரல் ரெண்டு கொடுக்கற எண்ணமா? கழட்டுடா!"

'டா' என்று அவனை அவள் கூப்பிட்டு அன்றுதான் கேட்டேன். அவன் கழற்றினான். செத்த அட்டைகளை உருவி அவன் மடியில் போட்டாள். மாற்றுக்கென்று கோட்டுக்குள் மார்போடு வைத்திருந்த புல்லை எடுத்து, பஞ்சாக்கி, அவன் பூட்ஸுக்குள் வைத்து, காலை உள்ளே விட்டாள்.

"கயித்தை நல்லா இறுக்கிக் கட்டுங்க அண்ணி" என்றான் ஹெய்கா.

"இறுக்கறதைப் பத்தி எங்கிட்டப் பேசாதே" என்றாள்.

மான்கள் மிதித்துப் போட்ட தடத்தில் அவன் எங்கள் பின்னால் நடந்தே வந்தான். மந்தையை ஆற்றோரப் பட்டியில் அடைத்துவிட்டு ஊருக்குள் நுழைந்தபோது வானம் அந்தி நீலமாகிக்கொண்டிருந்தது. யோவ்னா பொண்டாட்டியின் ஜன்னல் வந்தது. திரை ஆடியது. அண்ணி வேகமாகத் தாண்டிப் போவாள் என்று பார்த்தேன். அவள் நேராக அந்த ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றாள். ஒரு காலைச் சறுக்குக்கட்டையிலிருந்து உருவிப் பனிக்குவியலின் மேல் வைத்தாள், நன்றாகத் தெரியட்டும் என்று. இன்னொரு காலையும் மாற்றி வைத்துக் காட்டினாள். பிறகு கையை ஆட்டிவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து அங்கேயே எங்கள் மேய்ச்சல் குழுவின் கூட்டம்; பக்கத்துக் குழுக்காரர்களும் வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள். எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. எங்கள் ஊரில் செய்திக்குக் கால் உறைவதே இல்லை. அண்ணி தன்னிடம் இருந்ததிலேயே சிறந்த பட்டையைக் கட்டிக்கொண்டு வந்தாள், தளர்வாக, இரண்டே சுற்று, ஓரத்தில் புல் எட்டிப்பார்க்க. பெண்கள் பக்கம் முணுமுணுப்பு ஓடியது.

"இருந்த ஒரு நல்ல பழக்கமும் போச்சு போல" என்றாள் யோவ்னா பொண்டாட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி. "மீன்காரி கட்டு அவிழ்ந்து தொங்குது."

"தொங்கட்டும் அக்கா" என்றாள் அண்ணி. "உள்ள எட்டு விரலும் சூடா இருக்கு. நீங்க கட்டியிருக்கீங்களே, உங்களுக்கு எத்தனை விரல்ல இப்போ உணர்ச்சி இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்?"

அந்த அம்மாள் தன் காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

ஹெய்கா எழுந்து நின்றான். தொண்டையைக் கனைத்தான். நகரத்து பூட்ஸைக் காணோம். காலில் அப்பாவின் பழைய ரோமக் காலணி, அதன் வாயிலெல்லாம் புல். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அவன் பேசியபோது சிரிப்பு போய்விட்டது.

"என் அண்ணன் பங்கு மானெல்லாம் ரவ்னா அண்ணியோடது. அதை அவங்கதான் பார்த்துக்குவாங்க, வேற யாரும் இல்ல, நானும் இல்ல. வெள்ளிக்கிழமை நம்ம எல்லாரோட மந்தையையும் திருப்பினது அவங்க. என்னையும் சேர்த்து ஓட்டிக்கிட்டு வந்தாங்க. அவ்வளவுதான். காவல் முறை எப்பவும் போல வரும்."

யாரும் மறுக்கவில்லை. அண்ணி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் இருந்த களையை நான் அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

வெளியே வந்தோம். படியருகே யோவ்னா பொண்டாட்டி பின்தங்கி நின்றாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, குனிந்து, தன் பட்டையை ஒரு சுற்று அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினாள். அண்ணி என் விலாவில் இடித்தாள்.

"பார்த்தியா?"

"பார்த்தேன் அண்ணி."

"பார்க்காத மாதிரி வா" என்றாள். அடுத்த காவல் முறை செவ்வாய்க்கிழமை. அவளுடையது.